மழைக்கு மட்டும் நின்ற வான்

தண்ணீர் பட்டால் எஞ்சின் நின்றுபோகலாம். அது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஆனால் ஒரு சொட்டுத் தண்ணீரும் உள்ளே போகாமல், வெளியே மழை பெய்கிறது என்று தெரிந்துகொண்டதுபோல நின்றுபோன ஒரு வானை நான் பார்த்திருக்கிறேன். அதைப் பற்றித்தான் எழுதச் சொல்லியிருக்கிறார்கள்.

சொன்னது அனிட்டா, எங்கள் பாஸின் மகள். கொட்டாஞ்சேனையில் தகப்பனின் கராஜை இப்போது அவள்தான் நடத்துகிறாள். கராஜ்காரர்கள் சேர்ந்து ஒரு மலர் போடுகிறார்களாம். "அக்கா, ஸ்கேனர்ல ஒண்ணும் காட்டாத வண்டி வந்தா இங்க எல்லாரும் முழிக்கிறாங்க. அந்த ஸ்கூல் வான் கதைய எழுதிக் குடுங்க" என்றாள். நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். நாலு பேர் முன்னால் பேச எனக்கு வராது. எழுதினால் யாரும் என் முகத்தைப் பார்க்க மாட்டார்கள் அல்லவா, அதனால் சரி என்றேன்.

ஹட்டன் பக்கத்திலிருந்து கொழும்புக்கு வீட்டு வேலைக்குத்தான் வந்தேன். அந்த வீட்டுச் சுவருக்கு மறுபக்கம் மரியதாஸ் பாஸின் கராஜ். வீட்டுக்காரர்கள் வெளிநாடு போனபோது, பாஸின் மனைவி என்னைக் கராஜில் சேர்த்துவிட்டார். முதலில் கூட்டினேன், தேநீர் ஊற்றினேன், கழற்றிப்போட்ட பாகங்களை டீசலில் கழுவினேன். பிறகு எரிந்துபோன ஸ்டார்ட்டர் மோட்டார்களுக்குச் செம்புக் கம்பி சுற்றப் பழகினேன். கம்பி சுற்றுகிறவள் யாரோடும் பேச வேண்டியதில்லை, சுற்றை எண்ணினால் போதும். எனக்கு அது பிடித்துப்போய்விட்டது. சில வருடங்களில் வயரிங் வேலை முழுவதும் என் கைக்கு வந்தது.

அந்த நாட்களில் எங்கள் கராஜில் அதிகம் நடந்தது எஞ்சின் மாற்றுகிற வேலைதான். வான் பழசாகி எஞ்சின் போய்விட்டால், ஜப்பானிலிருந்து வந்த பாவித்த எஞ்சினைப் பஞ்சிகாவத்தையில் வாங்கிவந்து போடுவார்கள். எஞ்சினோடு அதன் வயர்க்கட்டும், கம்ப்யூட்டர் என்று நாங்கள் சொல்லும் ஒரு தட்டைப் பெட்டியும் வரும். அந்த வயர்களை வானில் ஏற்கெனவே இருக்கும் வயர்களோடு சேர்ப்பது என் வேலை. ஒரு நிறம் இன்னொரு நிறத்தோடு பொருந்தாது. எந்த வயர் எதற்கென்று அடையாளம் போடவேண்டும். அதில் ஒரு சிக்கல் இருந்தது. நான் எழுதினால் தமிழ், என்னோடு வேலை செய்த சுனில் எழுதினால் சிங்களம், பாஸ் எழுதினால் இங்கிலீஷ். ஒருவர் எழுதியது மற்றவருக்கு விளங்காது. அதனால் நான் சணல் நூலில் முடிச்சுப் போட்டுக் கட்டத் தொடங்கினேன். ஒரு முடிச்சு பெட்டரிக்குப் போவது, இரண்டு முடிச்சு சாவிக்கு, மூன்று முடிச்சு விளக்குக்கு. மூன்று பேருக்கும் முடிச்சு வாசிக்கத் தெரியும். நான் லீவு போட்டால், "இன்னைக்கு யாரும் வயர்ல கை வைக்க வேணாம், முடிச்சுக்காரி இல்ல" என்பாராம் பாஸ்.

மரியதாஸ் பாஸ் சத்தம் போடாதவர். ஒரு நீளமான ஸ்க்ரூ டிரைவரின் நுனியை எஞ்சினில் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். யாராவது வந்து, "பாஸ், பம்ப்தான் போயிருக்கும்னு நெனைக்கிறேன்" என்றால் கண்ணைத் திறக்காமலே சொல்வார்: "நெனச்சத பிறகு சொல்லு மேன். பாத்தத மொதல்ல சொல்லு." எனக்கு இது பெரிய உதவியாக இருந்தது. என்ன நினைக்கிறாய் என்று கேட்டால் எனக்கு வார்த்தை வராது. என்ன பார்த்தாய் என்றால் சொல்லிவிடுவேன்.

அவருக்கு ஒரு வழக்கம் இருந்தது. பழைய எஞ்சினை இறக்கியதும் அது இருந்த குழியைத் தானே கழுவி, துரு தேய்த்து, சில்வர் பெயின்ட் பூசுவார். வேறு யாரையும் பூச விடமாட்டார். "புது எஞ்சின் குடிவாறது, ஊத்த வீட்டுக்குள்ளயா வாறது?" என்று கேட்பார். வேலை முடிந்ததும் சுவரிலிருக்கும் அந்தோனியார் படத்துக்கு ஒரு மெழுகுதிரி. வண்டிக்காரர் சைவம் என்றால் டயருக்குக் கீழே தேசிக்காய். இரண்டும் முடிந்த பிறகுதான் சாவி கைமாறும்.

கௌரி அக்காவின் வானும் அப்படித்தான் கைமாறியது.

கௌரி அக்கா வெள்ளவத்தை. யாழ்ப்பாணத்து மனுஷி. அவருடைய கணவர் ஓட்டிய ஸ்கூல் வான் அது. கணவருக்குப் பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் இழுத்துக்கொண்டபோது, இவர் லைசன்ஸ் எடுத்துத் தானே ஓட்டத் தொடங்கினார். வெள்ளவத்தையிலும் தெஹிவளையிலும் பிள்ளைகளை ஏற்றி, இறக்கி, அதில்தான் வீடு ஓடியது. எஞ்சின் மாற்றியதும் வானை ஸ்டார்ட் பண்ணிப் பார்த்துவிட்டு, முன்சீட்டைத் தூக்கி உள்ளே எட்டிப் பார்த்தார். அந்த ரக வான்களில் எஞ்சின் முன்சீட்டுக்கு அடியில்தான் இருக்கும். "ஐயோ பாஸ், என்ர குசினிகூட இவ்வளவு பளபளப்பில்லை" என்றார். தன் சமையலறையைவிடப் பளபளப்பு என்றதும் பாஸுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

முதல் மழையிலேயே வான் நின்றது. காலிக்குப் போகும் பெரிய ரோட்டில், காலி வீதியில், சிக்னலில், வான் நிறையப் பிள்ளைகளோடு. எக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் எஞ்சின் தன்பாட்டில் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், அதைத்தான் ஐட்லிங் என்போம். அந்த ஐட்லிங் ஏறி இறங்கித் தடுமாறி, இருமி, நின்றுவிட்டதாம். மழை விட்டதும் ஒன்றுமே நடக்காததுபோல ஓடியதாம்.

"வத்துர பாஸ், வத்துர!" என்றார் சுனில். தண்ணீர்தான் எங்கேயோ உள்ளே போகிறது என்று அவருக்கு நிச்சயம். பைப்பைப் பிடித்து வானைக் குளிப்பாட்டினார். மேலேயிருந்து, கீழேயிருந்து, சக்கரத்துக்குள்ளே. எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. சுனில்தான் நனைந்தார். பாஸ் பிளக் மாற்றினார், பிளக் வயர் மாற்றினார். ஐட்லிங்கைப் பார்த்துக்கொள்ளும் சின்ன வால்வைக் கழற்றிக் கழுவினார். பிறகு வேறொரு எஞ்சினிலிருந்து வால்வைக் கொண்டுவந்து போட்டுப் பார்த்தார். நான் என் முடிச்சுகள் எல்லாவற்றையும் அவிழ்த்து, ஒவ்வொரு சந்திப்பையும் இழுத்துப் பார்த்துத் திரும்பக் கட்டினேன். எதுவும் தளரவில்லை.

அடுத்த மழைக்கும் நின்றது.

பாஸ் திருகாணியைத் திருப்பி ஐட்லிங்கைக் கூட்டிவிட்டார். நிற்பது குறைந்தது. ஆனால் கௌரி அக்கா மறுநாளே வந்துவிட்டார்.

"பாஸ், இப்ப இது நிக்கேல்லை. ஆனா நான் நிப்பாட்டினாலும் ஓடப் பாக்குது. எனக்கு ஸ்கூல் வான் போதும், ரேஸ் கார் வேண்டாம்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். பிறகு கதிரையில் உட்கார்ந்தார். "நேற்று ரெண்டு பிள்ளையளை வேற வானுக்கு மாத்திப்போட்டினம். தாய் சொல்லுறா, சந்தியில வான் நிக்க, பின்னால பஸ் வந்து இடிச்சா ஆர் பொறுப்பு எண்டு. அவ கேக்கிறது பிழையில்லைத்தானே? மற்றவையும் கதைக்கத் தொடங்கிட்டினம். இந்த மாசத்துக்குள்ள சரிவராட்டி வான்ல நானும் சீட்டுகளும்தான்."

பாஸ் ஸ்க்ரூ டிரைவரைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார். "கராஜுக்குள்ள நல்லா இருக்குது. ரோட்ல என்ன நடக்குதுன்னு யாராவது பாக்கணும். நான் வாறேன்."

"பாஸ், குறை நினைக்காதையுங்கோ. பொம்பிளைப் பிள்ளையள் இருக்கிற வான். வேற ஆம்பிளையளை ஏத்துறதில்லை எண்டு தாய்மாருக்குச் சொல்லி வச்சிருக்கிறன்."

பாஸ் திரும்பி என்னைப் பார்த்தார். நான் கீழே பார்த்தேன்.

"புஷ்பம், நீ போ. ஒண்ணும் செய்ய வேணாம். பாத்துட்டு வா."

இப்படித்தான் நான் ஸ்கூல் வானில் ஏறினேன். மத்தியானம் கழிந்து வானம் கறுத்துக்கொண்டு வந்த ஒரு நாள் பார்த்துப் போனோம். கௌரி அக்காவுக்குப் பக்கத்து சீட்டில் நான். பின்னால் பிள்ளைகளின் சத்தம் சந்தையைவிட மோசம். ஒரு குட்டிப் பெண் என் தோளைத் தட்டினாள்.

"அன்ரி, நீங்க ஆர்?"

கௌரி அக்காதான் சொன்னார்: "அவ வானுக்கு டொக்டர்."

"அப்ப ஊசி எங்க?"

"வாயை மூடிக்கொண்டு இருக்காட்டி உனக்குத்தான் முதல் ஊசி" என்றாள் பக்கத்திலிருந்த பெரிய பெண். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

பம்பலப்பிட்டியைத் தாண்டும்போது மழை ஊற்றத் தொடங்கியது. கௌரி அக்கா வைப்பரைப் போட்டார். கண்ணாடி பனி பிடிக்கவே காற்றாடியைப் போட்டார். இருட்டாக இருந்ததால் ஹெட்லைட்டையும் போட்டார். நான் பார்க்கத்தானே போனேன், அதனால் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது டாஷ்போர்டில் எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் மெல்ல மேலே ஏறியது. எச்சரிக்கை விளக்கு எதுவும் எரியவில்லை. முள் மட்டும் ஏறியது. மழை பெய்து ஊரே குளிரும்போது எஞ்சினுக்கு ஏன் சூடு ஏறவேண்டும்?

"அக்கா, லைட்ட கொஞ்சம் நிப்பாட்டுங்க" என்றேன்.

நிப்பாட்டினார். முள் கீழே இறங்கியது. திரும்பப் போட்டார். ஏறியது. எஞ்சின் சூடு அப்படி ஏறி இறங்காது. சட்டியைக்கூட அடுப்பிலிருந்து இறக்கினால் உடனே ஆறாது அல்லவா? அப்படியானால் முள் காட்டுவது சூட்டை இல்லை, வேறு எதையோ.

வெள்ளவத்தை சந்தையடியில் சிக்னல் சிவப்பு. கௌரி அக்கா பிரேக்கை அழுத்தினார். ஐட்லிங் தடுமாறியது. வான் ஒரு முறை குலுங்கி நின்றது. பின்னாலிருந்து ஹோர்ன் சத்தம். பஸ் கண்டக்டர் மிதிபலகையில் தொங்கிக்கொண்டு, "நோனா, யமு யமு!" என்று கத்தினான். போவோமாம். நாங்களும் போகத்தான் பார்த்தோம். கௌரி அக்கா சாவியைத் திருப்பினார், பிடிக்கவில்லை. பிள்ளைகளின் சத்தம் நின்றுவிட்டது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"அக்கா, எல்லாத்தையும் நிப்பாட்டுங்க. வைப்பர், லைட், காத்தாடி, எல்லாம். பிறகு ஸ்டார்ட் பண்ணுங்க."

"மழைக்குள்ள ஒண்டும் தெரியாதே தங்கச்சி!"

"ஓரமாக்குற வரைக்கும் மட்டும்."

எஞ்சின் சோம்பலாகச் சுற்றி, பிடித்தது. ஒழுங்காக ஓடியது. மழை அப்படியேதான் பெய்துகொண்டிருந்தது.

மழை விட்ட பிறகு, தெஹிவளையில் கடைசிப் பிள்ளையை இறக்கிவிட்டு, காய்ந்த கண்ணாடியில் வைப்பரைப் போடச் சொன்னேன். அது கிறீச்சென்று தேய்த்தது. லைட்டும் காற்றாடியும் போட்டதும், வெயிலில் நின்ற வான் மழைக்குள் நின்றதுபோலக் குலுங்கியது. கௌரி அக்கா என்னைப் பார்த்தார்.

"மழைக்கு இல்லையா?"

"மழைக்கு இல்ல அக்கா. வைப்பருக்கு."

கராஜுக்கு வந்ததும் பாஸ் கேட்டார், "என்ன பாத்த?" நான் சொன்னேன். முள் ஏறியதைச் சொன்னபோது ஸ்க்ரூ டிரைவரை மேசையில் வைத்துவிட்டார். முன்சீட்டைத் தூக்கி, எல்லாவற்றையும் போட்டு எஞ்சினை ஓடவிட்டோம். நின்றது, ஸ்டார்ட் பண்ணினோம், திரும்ப நின்றது, திரும்ப ஸ்டார்ட் பண்ணினோம். நான் வயர்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போனேன். சூடேறிய வயர் இருந்தால் கைக்குத் தெரியும். ஒன்றும் இல்லை. கையை எடுக்கும்போது தற்செயலாக எக்சிலேட்டர் கேபிளில் பட்டது. கேபிள் என்றால் காலால் மிதிப்பதை எஞ்சினுக்குக் கொண்டுபோகும் இரும்புக் கம்பி. அதற்கும் கரண்டுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் அது சுட்டது.

"பாஸ், இது சுடுதுங்க."

"எது?"

"கேபிள்."

"எக்சிலேட்டர் கேபிளா? அதுல எங்க கரண்ட்?" என்று கையை வைத்தவர், விரலை உதறிக்கொண்டு வாயில் வைத்தார். பிறகு கொஞ்ச நேரம் அந்தக் கேபிளையே பார்த்தார். எனக்குச் சூடுதான் தெரிந்தது. அது எங்கிருந்து வருகிறது என்பது அவருக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

ஒரு தடித்த வயரை எடுத்துவரச் சொன்னார். அதன் ஒரு முனையைப் பெட்டரியின் மைனஸிலும், மறுமுனையை நேரே எஞ்சினிலும் பிடித்தார். தடுமாறிக்கொண்டிருந்த ஐட்லிங் அந்த நிமிஷமே சமமாகியது. அழுத பிள்ளையைத் தூக்கியதும் ஓய்வதுபோல. வயரை எடுத்தார், தடுமாறியது. வைத்தார், ஓய்ந்தது. சுனில் கிட்ட வந்து, "பேய் போச்சுது நங்கி" என்றார் என்னிடம். அவருக்கு நான் தங்கச்சி.

பாஸ் எங்களுக்கு விளக்கினார். எஞ்சின் ரப்பர் மேல் உட்கார்ந்திருக்கிறது. எஞ்சினில் உண்டாகும் கரண்ட், விளக்குக்கும் வைப்பருக்கும் போய், வானின் உடம்பு வழியாக எஞ்சினுக்குத் திரும்பி வரவேண்டும். அதற்கென்று ஒரு பின்னல் பட்டியை எஞ்சினிலிருந்து வானின் உடம்புக்கு போல்ட் போட்டுப் பூட்டுவார்கள். எர்த் பட்டி என்போம். "காலி வீதிய மறிச்சா என்ன நடக்கும்? எல்லா வாகனமும் சந்துக்குள்ள பூந்து மரைன் டிரைவுக்குப் போகும். அது மாதிரி, பட்டியில வழியில்ல. கரண்ட் கேபிளுக்குள்ள பூந்திருக்கு, கம்ப்யூட்டர்ட சின்ன வயருக்குள்ள பூந்திருக்கு. கம்ப்யூட்டர் பாவம், அதுக்கு ஒண்ணும் வெளங்கல்ல. சூட்டு முள்ளும் அதாலதான் பொய் சொல்லியிருக்கு." மற்ற வான்களில் பெட்டரியின் மைனஸ் வயர் ஒன்று நேரே எஞ்சினுக்கும் வரும், அதனால் தப்பிவிடும். இந்த வானில் அது உடம்போடு நின்றுவிட்டது. திரும்புவதற்குப் பட்டி ஒன்றுதான் வழி.

"பட்டி நான்தான் பூட்டினேன் பாஸ், டைட்டா இருக்கு" என்றார் சுனில். இறுக்கமாகத்தான் இருந்தது. பாஸ் போல்ட்டைக் கழற்றினார். பட்டிக்குக் கீழே அந்த இடம் பளபளவென்று மின்னியது. இரண்டு பூச்சு சில்வர் பெயின்ட். துரு அதிகம் இருந்ததால் இந்த வானுக்கு மட்டும் இரண்டு தரம் பூசியிருந்தார். வெள்ளியாகத் தெரிகிறது, ஆனால் பெயின்ட்டுக்குள்ளே கரண்ட் போகாது. போல்ட்டின் மரை வழியாகக் கொஞ்சம் போயிருக்கிறது. வெயில் நாளுக்கு அது போதும். மழை நாளுக்குப் போதாது.

பாஸ் பேனாக்கத்தியை எடுத்துச் சுரண்டினார். வெள்ளிச் செதில்கள் அவர் விரலில் ஒட்டின. இரும்பு தெரியும் வரை வட்டமாகச் சுரண்டி, உப்புத்தாளால் தேய்த்து, பட்டியைப் பூட்டினார். பிறகு சுவரைப் பார்த்து, "அந்தோனியாரே, ஒமக்கு மெழுகுதிரி கொளுத்தினேன். ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே" என்றார். கௌரி அக்கா முதலில் சிரித்தார். பிறகு பாஸும் சிரித்தார். கூட்டிவைத்த ஐட்லிங்கைப் பழையபடி இறக்கினார். வைப்பர், லைட், காற்றாடி, ஹோர்ன் எல்லாம் ஒன்றாகப் போட்டும் முள் அசையவில்லை.

ஆனால் கௌரி அக்காவுக்கு மனம் ஆறவில்லை. "மழையில ஓடட்டும், பிறகு நம்புறன்" என்றுவிட்டுப் போனார். கேட்கவேண்டுமா, அதன் பிறகு மழையே இல்லை. நல்ல வெயில். கராஜில் எல்லோரும் வேலைக்கு நடுவே வாசலுக்கு வந்து வானத்தைப் பார்த்துவிட்டுப் போனோம். மழை வேண்டி நேர்த்தி வைக்கலாமா என்றுகூட சுனில் கேட்டார். மாதம் முடிந்துகொண்டு வந்தது.

ஒரு பின்னேரம் கராஜ் தகரத்தில் தடதடவென்று விழுந்தது. எல்லோரும் போனைப் பார்த்தோம். அது அடிக்க வெகுநேரமானது. பாஸ் எடுத்துக் கேட்டார், பிறகு என் காதில் வைத்தார். முதலில் மழைச் சத்தம், அடியில் வைப்பரின் சத்தம், அதற்கும் அடியில் எஞ்சின், சமமாக. பிறகு பிள்ளைகள் எல்லோரும் ஒன்றாகக் கத்தினார்கள்: "டொக்டர் அன்ரீ! நிக்கேல்லை!"

"கேட்டுதோ தங்கச்சி? சந்தையடியிலதான் ஓரமா நிக்கிறன். சிக்னல் மூண்டு தரம் மாறிட்டுது, வேணுமெண்டுதான் நிக்கிறன்" என்றார் கௌரி அக்கா. நான் "சரி அக்கா" என்று மட்டும் சொன்னேன். எனக்கு வேறென்ன வரும்.

போன இரண்டு பிள்ளைகளில் ஒன்று திரும்பி வந்தது. மற்றது வரவில்லை. புதிதாக வேறு பிள்ளைகள் சேர்ந்தார்கள்.

பாஸ் சில்வர் பூசுவதை விடவில்லை. ஆனால் பூசும் முன் எர்த் பட்டி வருமிடத்தில் ஒரு பத்து ரூபாக் குற்றியை ஒட்டிவைத்து, அதைச் சுற்றிப் பூசிவிட்டு எடுப்பார். அந்த வட்டத்தில் வெறும் இரும்பு தெரியும். "பாஸ், இங்க பூச மறந்துட்டீங்க" என்று சொல்லாத வண்டிக்காரர் இல்லை. துரு பிடிக்காமல் பட்டியைப் பூட்டிய பிறகு மேலே கொஞ்சம் கிறீஸ் தடவுவது என் வேலை. அனிட்டா இன்றைக்கும் அப்படித்தான் செய்கிறாள் என்று கேள்வி.

நான் வேலையிலிருந்து நின்று, மட்டக்குளியில் தங்கை வீட்டோடு இருக்கிறேன். போன வருடம் ஒரு நாள் பஸ்ஸில் வரும்போது போன் அடித்தது. கௌரி அக்கா. வானின் அடிப்பக்கம் துருப்பிடித்துவிட்டதென்று, இரத்மலானையில் ஓரிடத்தில் எஞ்சினை இறக்கிப் பெயின்ட் பூசக் கொடுத்திருக்கிறாராம். பெயின்டர் நல்ல மனுஷனாம், ஒரு மூலையும் விடாமல் பூசுகிறாராம்.

"தங்கச்சி, இதில ஒரு வட்டம் பூசாமக் கிடக்காம். அதையும் பூசிவிடட்டோ எண்டு கேக்கிறார்."

"வேணாம்!" என்று கத்தினேன். "பூச வேணாம் அக்கா, கைய எடுக்கச் சொல்லுங்க!"

என் குரல் அவ்வளவு பெரியது என்று எனக்கே தெரியாது. முழு பஸ்ஸும் திரும்பிப் பார்த்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஆனால் பெயின்டர் தூரிகையைக் கீழே வைத்துவிட்டார் என்று கௌரி அக்கா சொல்லும்வரை போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.